பின்னால் வருகிறவர்

ஜோகுபாளையம், பெங்களூர்
9 டிசம்பர் 2001

சிரஞ்சீவி சுதீருக்குப் பெரியம்மாவோட மனசார ஆசீர்வாதம். சோமேஸ்வரர் புண்ணியத்துல இங்க நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம், என் முழங்காலைத் தவிர. புனேயில நீயும் அனன்யாவும் சௌக்கியம்தானே? அவளுக்கு அந்த வறட்டு இருமல் நின்னுதா? மிளகை நெய்யில வறுத்துப் பொடி பண்ணித் தேன்ல குழைச்சுக் குடு. டாக்டர்கிட்ட ஓடறதுக்கு முன்னாடி அதைப் பண்ணிப் பாரு.

எதுக்கு எழுதறேன்னா, உன் பெரியப்பாவைப் பத்திதான். இந்த ஆத்துல வேற என்ன விஷயம் இருக்கு? ரிடயர் ஆகி வீட்டோட உக்காருவார், சாயங்காலம் கோவிலுக்குத் துணைக்கு வருவார்னு நெனைச்சேன். அந்த பி.எஸ்.ஏ. வண்டிதான் இப்போ கோவில். காலமே எழுந்து அதுக்குத்தான் முதல் அபிஷேகம். உங்க பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்துக்காரா தை மாசம் கூட்டமா கோவாவுக்குக் கிளம்பறேளாமே. ரயிலா இல்லை, பஸ்ஸா இல்லை?

"ஏன்னா, இந்த வயசுல மலை ரோட்ல இதெல்லாம் தேவையா?"ன்னு கேட்டேன்.

"எனக்குத்தான் வயசாச்சு, வண்டிக்கு ஆகலை"ங்கறார்.

"உங்களைவிடப் பத்து வயசுதான் சின்னது அது."

"அதான் எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போறது. உனக்கும் எனக்கும்தான் ஸ்டார்ட்டிங் டிரபிள்"ங்கறார். இந்த வாய்க்கு என்ன பதில் சொல்றது, சொல்லு.

நீயும் உன் வண்டியோட கூட வரேன்னு சொன்னதுக்கப்புறம்தான் நான் சரின்னேன். சுதீர், அவர் வேகமா ஓட்ட மாட்டார், பின்தங்கிப் போயிடுவார். ஆனா "கொஞ்சம் நில்லுங்கோ"ன்னு யார்கிட்டயும் கேக்க மாட்டார், கூச்சம். எங்களுக்குன்னு ஒரு குழந்தையைப் பகவான் குடுக்கலை. உன் அப்பா போனப்புறம் உனக்கு அவர், அவருக்கு நீ. நாளைக்கு எங்க ரெண்டு பேருக்கும் எள்ளும் தண்ணியும் விடப்போறவனும் நீதான். நல்ல நாளும் அதுவுமா இதை ஏன் எழுதறேன்னு வையாதே. அவரை உன் கண்ணுலேர்ந்து விடாதே, அவ்வளவுதான் நான் கேக்கறது.

அனன்யாவுக்கு என் ஆசீர்வாதம். பொங்கலுக்கு மஞ்சள் குங்குமம் தபால்ல அனுப்பறேன்.

பெரியம்மா


புனே
20 டிசம்பர் 2001

அன்புள்ள பெரியம்மாவுக்கு சுதீரின் நமஸ்காரம். நாங்கள் இருவரும் நலம். அனன்யாவின் இருமல் குறைந்துவிட்டது. உங்கள் மிளகுப்பொடியால்தான் என்று சொல்லச் சொன்னாள், ஆனால் டாக்டரிடமும் போனோம்.

நீங்கள் கொஞ்சமும் கவலைப்பட வேண்டாம். எங்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. எல்லோருக்கும் முன்னால் சங்கத் தலைவர் சேஷகிரி போவார். கடைசியில் வருவது ஆண்ட்ரூ, காக்ஸ் டவுனில் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், யார் வண்டி நின்றாலும் அவர் கூடவே நிற்பார். நடுவில் போகிற ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவருக்குப் பொறுப்பு. கண்ணாடியில் பின்னவரைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அவர் தெரியவில்லை என்றால் அதே இடத்தில் நிற்க வேண்டும். நான் நின்றால் எனக்கு முன்னால் போகிறவர் நிற்பார், அவருக்கு முன்னவர் நிற்பார், கூட்டமே நின்றுவிடும். இத்தனை வருடத்தில் யாரையும் தொலைத்ததில்லை.

பெரியப்பாவுக்கு முன்னால் போகப்போவது நான்தான். கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் என் கண்ணாடியிலேயே இருப்பார். வாக்குக் கொடுக்கிறேன்.

மங்களூரில் ஒருநாள் பழைய வண்டிகளின் கண்காட்சியும் இருக்கிறது. என் ட்ரையம்ப் இந்த முறை முதல் பரிசு வாங்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பம்பாயிலிருந்து அசல் விளக்கே தேடி வாங்கியிருக்கிறேன். பெரியப்பாவிடம் சொல்லுங்கள், பொறாமைப்படட்டும்.

என்றும் உங்கள்
சுதீர்


ஜோகுபாளையம்
6 மார்ச் 2002

சிரஞ்சீவி சுதீருக்கு ஆசீர்வாதம். நான் இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் சௌக்கியமா இருக்கணும்.

பதிமூணாம் நாள் முடிஞ்சு நீ ரயிலேறினப்புறம் ஆத்துல சத்தமே இல்லை. ஹாசன் தாண்டி மலையெறக்கத்துல இப்படி ஆகும்னு யார் கண்டா. பெரியப்பாவோட வண்டியை லாரியில கொண்டுவந்து பின்கட்டுல நிறுத்தியிருக்கா. ஹேண்டில் கொஞ்சம் கோணிண்டிருக்கு, வேற ஒண்ணும் ஆகலை. மனுஷனுக்கு ஆனது வண்டிக்கு ஆகலை.

நீங்க கிளம்பின அன்னிக்குக் காலமேயையே நெனைச்சுண்டிருக்கேன். கோவில் வாசல்ல வண்டியெல்லாம் வரிசையா நின்னுது. ஒவ்வொரு சக்கரத்தடியிலயும் எலுமிச்சம்பழம் வெச்சேன். ஒவ்வொரு வண்டிக் கண்ணாடியிலயும் பொட்டு வெச்சுண்டே வந்தேன். உன் வண்டியில கண்ணாடி இல்லைன்னு முன் விளக்கு மேல வெச்சேன். அவர் வண்டிக்கு மட்டும் ரெண்டு பொட்டு. "ஏண்டி, எனக்கு மட்டும் லஞ்சமா?"ன்னு சிரிச்சார். அதுதான் அவர் என்கிட்டப் பேசின கடைசிப் பேச்சு. நன்னாத்தான் பேசியிருக்கார்.

முதல் மாசிகத்துக்கு நீ வரலை. ஆபீஸ் வேலைன்னு போன்ல சொன்னே, தெரியும். வைதீகம் பண்ணிவைக்கற வாத்தியார் கேட்டார். அங்கேயே ஒரு வாத்தியாரைப் பிடிச்சு நீயே பண்ணிடலாமாம். மாசம் தப்பாம பண்ணுடா. போனவர் ஒரு வருஷம் வழியில நடந்துண்டே இருப்பாராம். மாசா மாசம் நாம விடற தண்ணிதான் அவருக்கு ஆகாரமாம். உன்னை விட்டா அவருக்கு விடறதுக்கு ஆள் இல்லை.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. அந்தப் பதிமூணு நாளும் ஆத்துல கூட்டம், உன்கிட்ட உக்காந்து பேசவே முடியலை. பெரியப்பாவுக்குக் கடைசியா என்னடா ஆச்சு? யாராவது பக்கத்துல இருந்தாளா? ஒரு வாய் தண்ணியாவது உள்ள போச்சா? காசித் தண்ணி சொம்பு பூஜை ரூம்ல சீல் ஒடைக்காமயே இருக்கு. அதைப் பாக்கறப்போல்லாம் கேக்கத் தோணறது. ரெண்டு வரி எழுது, போதும்.

பெரியம்மா


புனே
2 ஏப்ரல் 2002

அன்புள்ள பெரியம்மாவுக்கு நமஸ்காரம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். இங்கே ஆண்டு முடிவு வேலை, தலை நிமிர நேரமில்லை. அதனால்தான் பதில் தாமதம்.

நீங்கள் கேட்டதற்கு எழுதுகிறேன். பெரியப்பாவுக்கு ஒரு வலியும் தெரிந்திருக்காது. ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று டாக்டரே சொன்னார். தண்ணீர் கேட்பதற்குக்கூட நேரம் இருந்திருக்காது. கடைசி வளைவுக்கு முந்தைய வளைவு வரை நான் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கை அசைத்தார். அடுத்த வளைவில் காணவில்லை. உடனே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனோம். அதற்குள் போய்விட்டார். விதி, வேறென்ன சொல்ல.

இதையே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். நல்ல சாவு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

மாசிகத்தைப் பற்றி: இங்கே தமிழ் வாத்தியார் கிடைப்பது கஷ்டம். இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரே நாளில் செய்ய முடியுமா என்று உங்கள் வாத்தியாரிடம் கேட்டு எழுதுங்கள்.

உங்கள்
சுதீர்


ஜோகுபாளையம்
5 ஜூன் 2002

சிரஞ்சீவி சுதீருக்கு ஆசீர்வாதம். அனன்யா சௌக்கியமா? அங்க மழை ஆரம்பிச்சாச்சா? இங்க குழாய்ல தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள். நான் ஒருத்திதானே, போறது.

உன் கடுதாசி வந்தது. படிச்சேன். பதில் போட ரெண்டு மாசம் ஆயிடுத்து, கை ஓடலை. நீ கண்ணாடியில பாத்துண்டே வந்தேன்னு எழுதியிருக்கே. சரிடா.

வாத்தியாரைக் கேட்டேன். சேத்துப் பண்றது அவ்வளவு உசிதமில்லைங்கறார். அதது அந்தந்தத் திதியில பண்ணணுமாம். புனேக்குப் பம்பாய் மாதுங்காலேர்ந்து யாரோ ஒருத்தர் வைதீகத்துக்கு வரார்னு விலாசம் வாங்கி வெச்சிருக்கேன், ஓரத்துல எழுதியிருக்கேன். இந்தத் துவாதசிக்குத் தப்பாமப் பண்ணு. உன்னைக் கை கூப்பிக் கேக்கறேன்.

போன ஞாயித்துக்கிழமை ஆண்ட்ரூவும் அவன் ஆம்படையா மௌரீனும் வந்திருந்தா. சர்ச் முடிஞ்சு அப்படியே. முட்டை போடாத கேக்குன்னு சத்தியம் பண்ணி ஒண்ணு கொண்டுவந்தா. நான் தொடலை, பக்கத்தாத்துக் குழந்தைகளுக்குக் குடுத்தேன், அவகிட்டச் சொல்லிடாதே. அவ்வளவு பெரிய ஆகிருதி அவன். உள்ள வந்து பெரியப்பா போட்டோ முன்னாடி நின்னுண்டு குழந்தை மாதிரி அழறான்.

"சும்மா அழாதே மேன். ஆன்ட்டிகிட்ட சொல்லணும்னுதானே நாலு மாசமா தூங்காம கெடந்தே. சொல்லு"ன்னு அவ அதட்டறா.

"எங்கேர்ந்து ஸ்டார்ட் பண்றதுன்னே தெரியலியே மௌரீன்."

"மலை மேலேர்ந்து ஸ்டார்ட் பண்ணு. ஆன்ட்டி, நீங்க மொதல்ல உக்காருங்க."

உக்காந்தேன். காபி ஆறிப்போற வரைக்கும் பேசினான். அதெல்லாம் எழுத இந்த இன்லாண்டுல எடம் இல்லை. நல்ல மனுஷன். அவாளுக்கு ஒரு குறையும் வரப்படாதுன்னு சோமேஸ்வரர்கிட்ட வேண்டிண்டேன். வேற சாமியா இருந்தா என்ன.

திதியை மறந்துடாதே.

பெரியம்மா


புனே
10 ஜூன் 2002

அன்புள்ள பெரியம்மாவுக்கு நமஸ்காரம். நலம், நலமே நாடுவது.

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது, உடனே எழுதுகிறேன். ஆண்ட்ரூ உங்களிடம் என்ன சொன்னார்? ஏன் அதை எழுதவில்லை? அவர் பேச்சை அப்படியே நம்பிவிடாதீர்கள். கடைசியில் வருகிறவர் அவர். யாரும் விட்டுப்போகாமல் பார்ப்பதுதான் அவருடைய வேலை. யாருடைய வண்டியிலோ செயின் அறுந்தது என்று மேலேயே நின்றுவிட்டார். பிறகு பெரியப்பா விழுந்த இடத்தைத் தாண்டியே வந்தும் பார்க்கவில்லை. இப்போது குற்ற உணர்ச்சியில் யார் தலையிலாவது போடப் பார்க்கிறார். உங்கள் மனதைக் கலைப்பதற்கென்றே வீடு தேடி வந்திருக்கிறார்கள். இனிமேல் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஏதாவது கேட்க வேண்டுமானால் என்னைக் கேளுங்கள். நான் உங்கள் பிள்ளை மாதிரி.

நீங்கள் அனுப்பிய விலாசத்துக்குப் போன் செய்தேன். இந்த மாதம் செய்துவிடுகிறேன்.

சுதீர்


ஜோகுபாளையம்
17 ஜூலை 2002

சிரஞ்சீவி சுதீருக்கு ஆசீர்வாதம். உனக்கும் அனன்யாவுக்கும் உடம்பு தேவலையா? நான் எழுதி அஞ்சே நாள்ல பதில் போட்டிருக்கே. உன்கிட்டேர்ந்து இவ்வளவு சுருக்கப் பதில் எனக்கு வந்ததேயில்லை.

மாசிகம் பண்ணினேன்னு போன்ல சொன்னே. நல்லது. எள்ளுருண்டை பண்ணினாளா அனன்யா? அவருக்குப் பாகு முத்தி இருந்தா பிடிக்காது. வாத்தியாருக்கு வேஷ்டி வாங்கிக் குடுத்தியா?

இந்த வருஷம் நமக்குப் பண்டிகை ஒண்ணும் கிடையாது. வரலக்ஷ்மி நோன்புக்கு வருஷா வருஷம் கூப்பிட்டவா எல்லாரும் என்னைக் கண்டா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாக்கறா. பாத்துட்டுப் போறா. கோவில்ல நெய் தீபம் போடறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்றதில்லை, அதைப் போட்டுண்டு வரேன்.

நீ கேக்கச் சொல்லியிருக்கே. எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. அடுத்த திதி எப்போன்னு ஓரத்துல எழுதியிருக்கேன்.

பெரியம்மா


புனே
14 அக்டோபர் 2002

அன்புள்ள பெரியம்மாவுக்கு நமஸ்காரம். பெங்களூரில் காவேரிப் பிரச்சினையில் பந்த், கலாட்டா என்று பேப்பரில் படிக்கிறோம். வெளியே போகாதீர்கள். கடைசியாக எழுதி நான்கு மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். இடையில் ஆபீஸ் வேலையாகச் சிங்கப்பூர் போயிருந்தேன். ஆவணி, புரட்டாசி மாசிகங்கள் அதில் விட்டுப்போயின. வருடம் முடிந்து வரும் ஆப்தீகத்தின்போது பரிகாரமாக ஏதாவது செய்துகொள்ளலாம்.

ஒரு நல்ல செய்தி. இங்கே நடந்த பழைய வண்டிக் கண்காட்சியில் என் ட்ரையம்ப் முதல் பரிசு வாங்கிவிட்டது. அசல் நிலையில் ஒரு குறைகூட இல்லை, தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்று இருந்த மாதிரியே இருக்கிறது என்று நடுவர் மைக்கில் சொன்னார். மேடையில் பெரியப்பா பெயரைச் சொல்லி இந்தப் பரிசு அவருக்குத்தான் என்றேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சேஷகிரி போன் செய்தார். வருகிற வருடத்திலிருந்து கோவா ஓட்டத்துக்குப் பெரியப்பா பெயரையே வைக்கப்போகிறார்கள். வைத்தீஸ்வரன் நினைவு ஓட்டம். நீங்கள்தான் கொடி அசைத்துத் தொடங்கிவைக்க வேண்டுமாம். பெரியப்பாவின் பி.எஸ்.ஏ.யை நான் ஓட்டிக்கொண்டு போனால் பொருத்தமாக இருக்கும் என்று எல்லோருக்கும் அபிப்பிராயம். வண்டி பின்கட்டில் சும்மா நிற்பதைவிட அது நல்லதுதானே? ஆப்தீகத்துக்கு வரும்போது எடுத்துக்கொள்ளட்டுமா?

உங்கள்
சுதீர்


ஜோகுபாளையம்
21 நவம்பர் 2002

சிரஞ்சீவி சுதீருக்கு ஆசீர்வாதம். அனன்யாவையும் கேட்டதாச் சொல்லு.

வருஷாப்தீகம் தை மாசத் துவாதசி. இந்த வருஷம் அது பொங்கலை ஒட்டியே வந்துடுத்து, மறந்துடாதே. முதல் நாளே வந்துடு. பயணத்துல கண்டதைச் சாப்பிடாதே. வந்து தலைக்கு ஸ்நானம் பண்ணு. பஞ்சகச்சம் அவரோடதே இருக்கு, துவைச்சு மடியா வெச்சிருக்கேன். ரெண்டு மாசம் விட்டுப்போனதுக்கு என்ன பண்ணணும்னு வாத்தியார்கிட்டக் கேட்டு ஏற்பாடு பண்ணிட்டேன். அதை நீ திருப்பிக் கேக்க வேண்டாம்.

வேற எதுவானாலும் வருஷம் முடியட்டும்.

பெரியம்மா


ஜோகுபாளையம்
27 ஜனவரி 2003

சுதீருக்கு,

நீ நல்லபடியா ஊர் போய்ச் சேர்ந்தேன்னு அனன்யா போன்ல சொன்னா.

ஆப்தீகத்தை நன்னாப் பண்ணினே. குறை சொல்ல மாட்டேன். மந்திரத்துக்கு நடுவுல ரெண்டு தரம் உன் செல்போன் அடிச்சுது, எடுக்கலை. பிண்டம் வெச்சே, எள்ளும் தண்ணியும் விட்டே, காக்காய்க்குச் சாதம் வெச்சு அது வர்ற வரைக்கும் வெயில்ல நின்னே. சமையல் ரூம் வாசப்படியில நின்னுண்டு உன் கையையே பாத்துண்டிருந்தேன். சாப்பிட்டுக் கையலம்பின ஈரம் காயறதுக்குள்ள, "பெரியம்மா, வண்டி சாவி எங்க?"ன்னு கேட்டே. எடுத்துக் குடுத்தேன். வண்டியை லாரியில போட்டு அனுப்பியாச்சு. உன்கிட்டயே இருக்கட்டும். அந்த வண்டிமேல எனக்கு ஒரு விரோதமும் இல்லை.

இப்போ வருஷம் முடிஞ்சுடுத்து. இனிமே நான் பேசலாம்.

உன் வண்டியில கண்ணாடி கிடையாது சுதீர். பொட்டு வைக்க எடமில்லாம நான் நின்னப்போ நீதான் சொன்னே, "ஒரிஜினல்ல கண்ணாடியே இல்லை பெரியம்மா, இருந்தா மங்களூர்ல ஜட்ஜ் மார்க்கைக் கொறைச்சுடுவான், கழட்டிப் பைக்குள்ள வெச்சிருக்கேன்"னு. எனக்கு அதோட அர்த்தம் அன்னிக்குத் தெரியலை. விளக்குக்குப் பொட்டு வெச்சு உன்னை அனுப்பிட்டேன். அப்புறம் ஏப்ரல்ல எழுதினே, கண்ணாடியில பாத்துண்டே வந்தேன், கை அசைச்சார்னு. அந்த வரியைப் படிச்சுட்டுத்தான் ரெண்டு மாசம் எனக்குக் கை ஓடலை.

ஆண்ட்ரூ என்ன சொன்னான்னு கேட்டியே. சொல்றேன். ஹாசன்ல தங்கினப்போ அவன் பெரியப்பாகிட்டச் சொல்லியிருக்கான், "சார், உங்க முன்னாடி போறவனுக்கு மிர்ரர் இல்லை. மலையில அது ஆகாது. ஒண்ணு மாட்டச் சொல்லுங்க"ன்னு. பெரியப்பா, "விடு மேன். ஆசைப்படறான். பையன் திரும்பித் திரும்பிப் பாப்பான்"னாராம். ஆண்ட்ரூ மேல தப்பில்லைன்னு நான் சொல்லலை. அவனே சொல்லலை. மேல செயின் அறுந்தவன்கூட நின்னுட்டான். இறங்கி வரப்போ பெரியப்பா விழுந்த எடத்தைப் பாக்காம தாண்டித்தான் வந்தான். வண்டி ரோட்டுக்குக் கீழ புதர்ல கிடந்தது, மேலேர்ந்து தெரியலை. அதைச் சொல்லித்தான் என் முன்னாடி அழுதான். நீ அழலை.

கீழ ஓட்டல்ல சேஷகிரி, "பெரியவர் எல்லி, எங்கே?"ன்னு கேட்டாராம். நீ, "மெதுவாத்தான் வருவார், ஆண்ட்ரூகூட இருப்பார், நாம சாப்பிடலாம்"னு சொன்னியாம். எல்லாரும் சாப்பிட்டேள். ஆண்ட்ரூ வந்து சேர்றப்போ நீ பீடா போட்டுண்டிருந்தே. அவன்தான், "சார் எங்கே?"ன்னு கத்தியிருக்கான். "உடனே வண்டியைத் திருப்பினோம்"னு நீ எழுதினது இதைத்தான்.

அவர் ஒரு நொடியில போகலை. மரத்துல சாஞ்சு உக்காந்திருந்தாராம். கால் முறிஞ்சிருந்தும் ஷூவை அவுத்து, ரெண்டையும் ஜோடியாப் பக்கத்துல வெச்சிருந்தாராம். நம்மாத்துல எப்படி வெப்பார், அப்படி. மூக்குக்கண்ணாடியைக் கழட்டி மடிச்சுப் பாக்கெட்டுல வெச்சிருந்தார். யாராவது வருவாங்கற நம்பிக்கையில உக்காந்திருக்கறவாதானே அதெல்லாம் பண்ணுவா? ஆண்ட்ரூ கையைப் பிடிச்சுப் பாத்தப்போ உடம்புல சூடு இருந்ததாம். ஆறலை. நீங்க எல எடுத்துப் போட்டுட்டு எழுந்திருக்கற வரைக்கும் அவர் இருந்திருக்கார். தண்ணி கேக்க நேரம் இருந்திருக்காதுன்னு எனக்கு எழுதினே. கேக்க நேரம் இருந்தது. கேக்கறதுக்கு ஆள் இல்லை.

சாப்பிடலாம்னு சொன்னது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். பசி வேளை, வாலிபப் பசங்க, யாருக்குத் தோணும். அன்னிக்கே என் முன்னாடி வந்து, "பெரியம்மா, நான் திரும்பிப் பாக்கலை"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்னைக் கட்டிண்டு அழுதிருப்பேன். உன்னையும் வேற யார் தேத்துவா? நீ என்னடான்னா அவரைக் கை அசைக்க வெச்சே. என்னைத் தேத்தறதுக்குன்னு நெனைச்சிருப்பே. அப்புறம் ஆண்ட்ரூவை வாசலோட அனுப்பச் சொன்னே. கண்ணாடி இல்லாததுக்கு மெடல் வாங்கிண்டு அதை அவருக்குத்தான்னு மேடையில சொன்னே. அதையும் எனக்கு நல்ல செய்தின்னு எழுதினே.

இத்தனையும் தெரிஞ்சுண்டு நான் ஏன் வாயை மூடிண்டிருந்தேன்னு கேப்பே. அவருக்கு உன் கை வேண்டியிருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லி நீ கோவிச்சுண்டு வராமப் போயிட்டா, வழியில அவருக்கு ஆகாரம் ஏது? என் கோவத்துக்காக அவரை ஏன் பட்டினி போடணும்? மாசா மாசம் உனக்கு ஆசீர்வாதம் எழுதிண்டு, திதியை எழுதிண்டு, அனன்யா இருமலைக் கேட்டுண்டு உக்காந்திருந்தேன்.

கொடி அசைக்க என்னால முடியாது. அவர் பேரை வைக்கறதும் வைக்காததும் உங்க இஷ்டம். அடுத்த வருஷத் திதியைப் பத்தி நீ யோசிக்க வேண்டாம்.

அனன்யாவுக்கு மட்டும் என் ஆசீர்வாதம்.

சரஸ்வதி


புனே
18 ஜனவரி 2004

அன்புள்ள பெரியம்மாவுக்கு நமஸ்காரம். உங்கள் ஆரோக்கியத்துக்கு எழுதவும். எங்களுக்கு ஆகஸ்டில் பெண் குழந்தை பிறந்தது. ஸ்ரீவித்யா என்று பெயர் வைத்திருக்கிறோம். போன் செய்தபோது நீங்கள் எடுக்கவில்லை.

சென்ற வருடம் நீங்கள் எழுதிய கடிதத்தை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. துக்கத்தில் யாரும் எதையும் எழுதுவார்கள். நானும் அதற்குப் பதில் எழுதி விஷயத்தைப் பெரிதாக்க விரும்பவில்லை. நடந்ததை யாராலும் மாற்ற முடியாது. யார் கண்ணாடியில் யார் தெரிந்தார் என்று இத்தனை நாள் கழித்துப் பேசி என்ன ஆகப்போகிறது?

நினைவு ஓட்டம் போன டிசம்பரில் மிகச் சிறப்பாக நடந்தது. பெரியப்பாவின் வண்டி கோவா வரை ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை.

பெரியப்பாவின் திதி இந்த வருடம் என்றைக்கு வருகிறது என்று எழுதுங்கள். அனன்யாதான் நினைவூட்டினாள். என்ன இருந்தாலும் அது என் கடமை, அதிலிருந்து நான் தவறமாட்டேன். முன்கூட்டியே தெரிந்தால் விமான டிக்கெட் எடுக்க வசதி.

உங்கள்
சுதீர்


ஜோகுபாளையம்
4 பிப்ரவரி 2004

சுதீருக்கு,

உன் கடுதாசி வந்து ரெண்டு வாரம் ஆறது. குழந்தை தீர்க்காயுசா இருக்கட்டும்.

திதி நேத்தே ஆயிடுத்து.

உன்னைக் கூப்பிடப்போறதில்லைன்னு மார்கழியிலேயே வாத்தியார்கிட்டப் போய்ச் சொன்னேன். "காரியம் பண்ற கர்த்தா இல்லாமப் போயிடுத்து, இனிமே அவருக்கு என்ன வழி?"ன்னு கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பாத்தார்.

"கர்த்தா ஏன் இல்லை மாமி? நீங்க இருக்கேளே."

"பொம்மனாட்டி நான் என்ன பண்ண முடியும்?"

"உங்க கையால தர்ப்பையை எடுத்து என் கையில குடுத்தாப் போறும். நீங்க பண்ணினதாத்தான் கணக்கு. பிள்ளை இல்லேன்னா முதல் அதிகாரம் சம்சாரத்துக்குத்தான். தம்பி பிள்ளையெல்லாம் அப்புறம்தான் வரா."

"முதல் வருஷத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான். நீங்க அந்தப் பையன்தான் பண்ணணும்னு சொன்னேள். உங்களுக்கு அதுதான் திருப்தின்னு நெனைச்சு நானும் விட்டுட்டேன்."

அஞ்சாங்கிளாசோட நின்னவ நான். பெரியவா சொல்லக் கேட்டதை வெச்சுண்டு, ஆம்பளை கைதான் வேணும்னு முடிவு பண்ணிண்டேன். யாரையும் ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா, உன் ஏப்ரல் மாசக் கடுதாசிக்கு ஏப்ரல்லயே பதில் போட்டிருப்பேன். அதுக்கப்புறம் உனக்கு எழுதின ஒரு ஆசீர்வாதமும் எழுதியிருக்க மாட்டேன்.

நேத்து தர்ப்பையை எடுத்து வாத்தியார் கையில குடுத்தேன். எள்ளும் தண்ணியும் விட்டாச்சு. காக்காய் உடனே வந்துது.

நீ டிக்கெட் எடுக்க வேண்டாம்.

சரஸ்வதி